கீழாநெல்லிக்கு ஓர் உயிர்ச் சான்று

உயிரோடு இருப்பது வேறு, அதை அரசாங்கம் ஒப்புக்கொள்வது வேறு என்பது கீரப்பாளையம் சுப்பராயலுவுக்கு ஓய்வு பெற்ற பிறகுதான் தெரிந்தது. வருஷத்துக்கு ஒருமுறை, அதற்கென்று ஒதுக்கிய மாதம் முடிவதற்குள், தான் இன்னும் சாகவில்லை என்று பென்ஷன்காரர் நிரூபித்தாக வேண்டும். தவறினால் பென்ஷன் நின்றுவிடும். மற்றவர்கள் இ-சேவை மையத்தில் கட்டைவிரலை மெஷினில் வைத்து நிரூபித்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுகிறார்கள். சுப்பராயலுவின் விரலை மெஷின் ஏற்கவில்லை. காலமெல்லாம் மதகுச் சக்கரத்தைச் சுற்றியதில் ரேகை தேய்ந்துபோயிருந்தது. வலதை வைத்தார், இடதை வைத்தார், வேட்டியில் துடைத்துவிட்டு மறுபடியும் வலதை வைத்தார். சிவப்பு விளக்குத்தான் எரிந்தது.

"ஐயா, மெஷினப் பொறுத்தவரைக்கும் நீங்க இல்ல. சிதம்பரம் ஆபீஸுக்கு நேர்ல போய் நிரூபிச்சிடுங்க," என்றாள் மெஷின்காரப் பெண்.

'இல்ல' என்ற சொல்லைக் கேட்டதுமே அவர் பயந்துவிட்டார். பயப்படுவது அவருக்குப் பழக்கமானதுதான். பொதுப்பணித்துறையில் லஸ்கராக வாய்க்கால் மதகைத் திறந்து மூடிக்கொண்டிருந்தவர். கடுதாசி வந்தால் திறப்பார், கடுதாசி வந்தால் மூடுவார். கடுதாசி வராத நாளில் மதகின் பக்கம் திரும்பிப் பார்க்கவும் பயம். தண்ணீர் தலைக்கு மேல் போனாலும் மேலிடத்து உத்தரவைத் தாண்டக் கூடாது என்பதுதான் உத்தியோகத்தில் அவர் கற்ற ஒரே பாடம். வெள்ளக் காலத்தில் ஒருமுறை தண்ணீர் உண்மையாகவே தலைக்கு மேல் போனது. அப்போதும் அவர் மரத்தில் ஏறிக்கொண்டு கடுதாசிக்காகத்தான் காத்திருந்தார்.

சிதம்பரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு பழைய அரசாங்கக் கட்டடம். அதன் வாசலில் காவலாளி ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"என்னா வேணும்?"

"நிரூபிக்கணும்ங்க."

"மாடி."

மாடியில் பெரிய எழுத்தில் 'நிரூபணப் பிரிவு' என்று எழுதியிருந்தது. அதற்கு மேலே பொடி எழுத்தில் 'மாவட்டச் செடிமருந்து நிரூபண மையம் (ஓமியோபதி)' என்றும் எழுதியிருந்தது. சுப்பராயலு பெரிய எழுத்தை மட்டும் படித்தார். உள்ளே நுழைந்ததும் ஒரு பெண் எழுந்து நின்று, "வாங்க சார், உக்காருங்க. மோர் சாப்பிடுறீங்களா?" என்றாள். அரசாங்க ஆபீஸில் ஒருவர் எழுந்து நின்று மோர் கொடுத்தால் அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். பாவம், அவர் குடித்துவிட்டார்.

அந்தப் பெண் காயத்ரி, ஆய்வு உதவியாளர். பேப்பரை எடுத்துவைத்துக்கொண்டு கேட்க ஆரம்பித்தாள்.

"மூட்டுவலி இருக்கா?"

"இல்லீங்க." முந்தின நாள்தான் முட்டிக்குத் தைலம் தேய்த்திருந்தார்.

"அஜீரணம், நெஞ்செரிச்சல், வாயு?"

"கெடையவே கெடையாதுங்க." வந்த ஏப்பத்தை அப்படியே விழுங்கினார். சாகவில்லை என்று காட்ட வந்த இடத்தில் சீக்கைச் சொன்னால், 'இவன் எப்படியும் போகப்போறவன்தானே' என்று இப்போதே கணக்கை முடித்துவிட்டால் என்ன செய்வது?

"தூக்கம்? பசி? மறதி?"

"எல்லாம் நல்லா இருக்குங்க. மறதிகூட நல்லா இருக்குங்க."

உள்ளறையிலிருந்து இயக்குநர் டாக்டர் ராமாமிர்தம் வெளியே வந்தார். தொப்பையைத் தாண்டி நீட்டிய கையால் சுப்பராயலுவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். கண்ணில் ஈரம் தெரிந்தது.

"மாவட்டம் பூரா தேடுறோம் சார். கம்மாபுரத்துலேர்ந்து புவனகிரி வரைக்கும் முகாம் போட்டோம். ஒரு சீக்கும் இல்லாத ஆளு ஒருத்தரும் கெடைக்கல. வர்றவனெல்லாம் வைத்தியம் பாருங்கிறான். வைத்தியம் பாக்குறதா எங்க வேலை?"

சுப்பராயலு காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டார். நாலு வெள்ளை உருண்டைகளை நாக்குக்கு அடியில் வைக்கச் சொன்னார்கள், வைத்தார். சீனியாக இனித்தது. செத்தவனால் இனிப்பை உணர முடியாது, அதைத்தான் சோதிக்கிறார்கள் போலும் என்று எண்ணி, "இனிக்குதுங்க," என்று சத்தமாகவே சொல்லிவைத்தார்.

"பிரமாதம். நிரூபணம் ஆரம்பிச்சாச்சு," என்றார் டாக்டர்.

"சான்றிதழ் எப்பங்க கெடைக்கும்?"

"முடிஞ்ச அன்னிக்கே கையில."

"எப்பங்க முடியும்?"

"உங்களுக்குக் காமாலை வந்ததும்."

சுப்பராயலு எழுந்தே நின்றுவிட்டார். ஊரில் வேறு எந்த நோயின் பெயரைச் சொல்லியிருந்தாலும் இவ்வளவு பயந்திருக்க மாட்டார். அவருடைய தம்பி ராஜாங்கம் காமாலையில் போனவன். கண் மஞ்சளான பிறகும் இந்த ஊர்ப் பச்சிலை, அந்த ஊர் மந்திரிப்பு, பத்தியச் சோறு என்று வீட்டிலேயே நாளைக் கடத்தினார்கள். கடைசியில் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனபோது அங்கே டாக்டரம்மா கேட்டது ஒரே கேள்வி: "ஏன் இவ்ளோ நாளு?" அதற்கு யாரும் பதில் சொல்லவில்லை. பதில் சொல்ல வேண்டிய மூத்தவர் சுப்பராயலுதான். அந்தக் கேள்வி இன்றுவரை அவர் காதில் இருக்கிறது.

"ஐயா, இது என்னா மருந்துங்க?"

"கீழாநெல்லி. செரிமானம், கல்லீரல் ரெண்டுக்கும்."

"அது காமாலைய தீக்குற செடியாச்சேங்க?"

"அதான் விஷயமே!" டாக்டர் ராமாமிர்தம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். "எது நோயை உண்டாக்குமோ அதுதான் நோயைத் தீக்கும். இது எங்க சாஸ்திரம். நல்லா இருக்குற ஆளுக்கு மருந்தைக் குடுத்து, அந்தச் சீக்கு வருதான்னு பாக்குறதுக்குப் பேருதான் நிரூபணம். கீழாநெல்லி காமாலையைத் தீக்குதுன்னு ஊரே சொல்லுது. அப்படின்னா நல்லா இருக்குற ஆளுக்கு அது காமாலையை உண்டாக்கியே ஆவணும். உண்டாக்கலேன்னா தப்பு கீழாநெல்லி மேல இல்ல சார், உங்க மேல."

"நான் வயக்காட்டுல நெறைய தின்னுருக்கேனேங்க, ஒண்ணும் வரலியே?"

"அதுல செடி இருந்துச்சு, அதான் ஒண்ணும் பண்ணல. இதுல செடியே இல்ல. வீராணத்துல ஒரு இலையைப் போட்டுட்டு, கடலூர் முதுநகர் கடல்ல ஒரு டம்ளர் மொண்டா அதுல எவ்வளவு இலை இருக்கும்? அதையும்விடக் கம்மி. கம்மியாக ஆக வீரியம் ஏறும். இப்ப இதுல ஒண்ணுமே இல்ல. அதனால நீங்க ஜாக்கிரதையா இருக்கணும்."

இல்லாத ஒன்று உடம்புக்குள் போய்விட்டது என்ற பயம் எப்படிப்பட்டது என்பதை அனுபவித்தவர்கள்தான் சொல்ல முடியும். இருக்கிற விஷத்தை வாந்தியாவது எடுக்கலாம்.

கிளம்பும்போது காயத்ரி பத்தியம் சொன்னாள். காபி கூடாது. வெங்காயம், பூண்டு கூடாது. எல்லாவற்றையும்விட முக்கியம், கற்பூரம் கூடவே கூடாது. கற்பூர வாசனை பட்டால் மருந்து அந்தக் கணமே செத்துவிடும்.

"சிதம்பரத்துல கற்பூரம் படாம எப்படிம்மா இருக்குறது?"

"அதான் சார் எங்க கஷ்டம். இதுவரைக்கும் பண்ணுன நிரூபணமெல்லாம் ஃபெயிலு. எல்லாத்துக்கும் 'கற்பூரத் தடங்கல்'னு எழுதித்தான் கடலூருக்கு அனுப்புறோம்."

"அப்ப ஏன் இங்க வச்சாங்க?"

"கட்டடம் காலியா இருந்துச்சு."

வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னதும் அவர் மனைவி விருத்தாம்பாள் கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தாள்.

"உசுரோட இருக்கேன்னு காட்டுறதுக்கு எதுக்குய்யா சீக்கு வரணும்?"

"கவர்மென்ட்டு ரூலு. நம்மளுக்குத் தெரியுமா?"

"செத்தாதான் உசுரோட இருக்கேன்னு எழுதிக் குடுப்பானுவளா? நல்லா இருக்கே ஞாயம்."

"விருத்தா, பென்ஷன் நின்னுடும். நின்னுட்டா நான் செத்தவன்தான்."

"அதுக்காவ நெஜமா சாவப் போறியா?"

அவருக்கு அழுகை வந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டார். விருத்தாம்பாள் பூஜை மாடத்திலிருந்து ஒரு துண்டு கற்பூரத்தை எடுத்து, அவர் வேட்டி முனையில் வைத்து இறுக முடிச்சுப் போட்டாள். "நீ மாட்டுக்குப் போ. இது இருக்குற வரைக்கும் உன்ன ஒண்ணும் அண்டாது," என்றாள்.

அன்றிலிருந்து சுப்பராயலுவின் பயம் இரண்டாகப் பெருகியது. கற்பூரம் இடுப்பில் இருக்கும்போது, காமாலை வராமலே போய்ச் சான்றிதழ் கைவிட்டுப் போகுமே என்று பயம். அதை அவிழ்த்து, படிக்குக் கீழே கழற்றிவிட்ட செருப்புக்கு அடியில் ஒளித்துவிட்டு மாடிக்குப் போகும்போது, கல்லீரல் போய்விடுமே என்று பயம். பஸ்ஸில் போனால் டிரைவர் கண்ணாடியில், டீக்கடையில் நின்றால் பாய்லரின் பளபளப்பில், தன் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். விருத்தாம்பாள் அவருக்காகக் குழம்பில் மஞ்சள் போடுவதை நிறுத்தினாள். முகத்துக்குப் பூசிக் குளிப்பதையும் நிறுத்தினாள். "என் மூஞ்சியைப் பாத்தாவது நீ பயப்படாம இருக்கியான்னு பாப்போம்," என்றாள். ஊரில் அவளை யாரோ துக்க வீட்டுக்காரி என்று நினைத்து விசாரித்தார்களாம்.

மாடியில் காயத்ரி ஒவ்வொரு முறையும் அறிகுறிகளைக் கேட்டு எழுதினாள்.

"வர்ற வழியில மஞ்சளா ஏதாச்சும் தெரிஞ்சுதா சார்?"

பொய் சொல்லத் தெரியாத மனிதர். "தெரிஞ்சுதுங்க. ஆட்டோ."

"எந்த ஆட்டோ?"

"எல்லா ஆட்டோவும்."

காயத்ரி நிமிர்ந்து உட்கார்ந்தாள். "வேற?"

"ஸ்கூல் வேன். ரயில்வே ஸ்டேஷன்ல ஊர்ப் பேரு எழுதியிருக்குற போர்டு. வாழைப்பழ வண்டி."

"கோயில் பொற்கூரை?"

"அதுவும் மஞ்சளாத்தான் தெரியும்ங்க."

"எப்பலேர்ந்து அப்படித் தெரியுது?"

"சின்ன வயசுலேர்ந்தே."

'நாள்பட்ட பாதிப்பு' என்று எழுதிக்கொண்டாள். சுப்பராயலு அதைத் தலைகீழாகவே படித்துவிட்டார். அன்று பஸ் ஏறுவதற்குள் அவருக்கு மூன்று தடவை தலை சுற்றியது.

ரத்தம் எடுத்துப் பார்த்துவிடலாமே என்று ஒருநாள் டாக்டரிடம் கெஞ்சிப் பார்த்தார்.

"ரத்தப் பரிசோதனையா? அதுல இருக்குறது இருக்குன்னு வரும், இல்லாதது இல்லேன்னு வரும். நாம பண்றது அந்த மாதிரி மேலோட்டமான ஆராய்ச்சி இல்ல சார்."

காமாலை வருகிற வழியாகத் தெரியாததால் மருந்தை நாலு உருண்டையிலிருந்து இரண்டாக்கினார்கள். பிறகு ஒன்று. குறையக் குறைய வீரியம் ஏறும் என்று தெரிந்த சுப்பராயலு, "ஐயா, உங்களுக்குப் புண்ணியமாப் போவும், பழையபடி நாலே குடுத்துடுங்க. ஜாஸ்தியாக் குடுங்க," என்று கைகூப்பினார். டாக்டர் ராமாமிர்தம் ஆறுதலாக அவர் தோளைத் தட்டினார்.

"பயப்படாதீங்க. மேலிடம் எங்களையும் இதே முறையிலதான் நடத்துது. இந்த மையத்துல ஒரு காலத்துல டைப்பிஸ்ட், கம்பவுண்டர், தோட்டக்காரன் எல்லாம் இருந்தாங்க. ஒவ்வொருத்தராக் கொறைச்சு இப்ப நானும் காயத்ரியும்தான். ஒவ்வொரு ஆளு போவும்போதும் மையத்தோட வீரியம் ஏறுனத என் கண்ணால பாத்தேன். அடுத்த வருஷம் என்னையும் எடுத்துடப் போறாங்கன்னு கேள்வி. அப்ப இது மாநிலத்துலயே முதலிடத்துக்கு வந்துடும்."

மாசக் கடைசியில் கடலூரிலிருந்து இணை இயக்குநர் தில்லைநாதன் ஆய்வுக்கு வருவதாகத் தகவல் வந்தது. அதோடு சுப்பராயலுவின் கெடுவும் அன்றோடு முடிகிறது. அன்று சான்றிதழ் வாங்கவில்லை என்றால் அவர் இல்லை. விருத்தாம்பாளும் கூடவே கிளம்பி வந்தாள். கீழே சைக்கிள் ஸ்டாண்டு நிழலில் உட்கார்ந்துகொண்டு, "நீ போ, நான் இங்க இருக்கேன். எதுனா ஆச்சுன்னா கத்து," என்றாள். அந்தப் பதற்றத்தில் வேட்டி முடிச்சை அவிழ்க்க இருவருக்குமே மறந்துபோனது.

தில்லைநாதன் ஒல்லியான மனிதர். மேசை மேல் அடுக்கியிருந்த கண்ணாடிக் குப்பிகளை, பிறந்த குழந்தைகளைப் பார்ப்பதைப் போலக் குனிந்து பார்த்துக்கொண்டே போனார். டாக்டர் ராமாமிர்தம் சுப்பராயலுவை முன்னால் நிறுத்தினார்.

"இவர்தான் சார். எல்லா ஆட்டோவும் மஞ்சளாத் தெரியிற நிலைமைக்கு வந்துட்டார். இன்னும் ஒரு தள்ளு தள்ளுனா காமாலைதான்."

"நல்லது. பெரியவரே, நீங்க சாதாரண ஆள் இல்ல. உங்க கல்லீரல் இப்ப மாவட்டத்தோட சொத்து. அதை நீங்க..." தில்லைநாதன் சட்டென்று நிறுத்தினார். மூக்கை உறிஞ்சினார். மறுபடி உறிஞ்சினார். "என்னா வாசனை இது?"

காயத்ரியும் டாக்டரும் மூக்கை உறிஞ்சினார்கள்.

"கற்பூரம்!" என்று அலறினாள் காயத்ரி.

அதற்குப் பிறகு அங்கே நடந்ததைப் பார்த்தவர்கள் வெடிகுண்டு கண்டெடுக்கப்பட்டது என்றுதான் நினைத்திருப்பார்கள். காயத்ரி குப்பிகளை வாரி முந்தானையில் கட்டிக்கொண்டு மாடிப்படிக்கு ஓடினாள். டாக்டர் ராமாமிர்தம் ஜன்னல்களைத் திறந்தார், பிறகு வெளியிலிருந்தும் கற்பூரம் வரும் என்று நினைவு வந்து எல்லாவற்றையும் மூடினார். இணை இயக்குநர் கைக்குட்டையால் தன் மூக்கை மூடாமல் ஒரு குப்பியின் வாயை மூடினார். கடைசியில் எல்லோருடைய பார்வையும் சுப்பராயலுவின் வேட்டி முனையில் வந்து நின்றது.

"எம் பொண்டாட்டிதாங்க கட்டிவுட்டா," என்றார் அவர். "பயமா இருந்துச்சுங்க."

கற்பூரத்தைக் காவலாளியிடம் கொடுத்து வெளியேற்றினார்கள். குப்பிகள் மறுபடி மேசைக்கு வந்தன. தில்லைநாதன் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"ராமாமிர்தம், இதுல எது உயிரோட இருக்கு, எது செத்துப்போச்சு?"

"தெரியல சார்."

"பாத்தா தெரியாதா?"

"பாத்தா ஒண்ணாத்தான் இருக்கும் சார். ருசி, எடை, நிறம் எல்லாம் ஒண்ணுதான். உயிரோட இருக்குறப்பவும் உள்ள ஒண்ணும் இருக்காது, செத்தப்புறமும் ஒண்ணும் இருக்காது."

"அப்ப லேபுக்கு அனுப்புனா?"

"அங்க ரெண்டையுமே சீனின்னு எழுதிடுவான் சார். அவனுக்கு சாஸ்திரம் தெரியாது."

தில்லைநாதன் சற்று யோசித்தார். பிறகு சுப்பராயலுவைப் பார்த்தார். சுப்பராயலு ஓர் அடி பின்னால் நகர்ந்தார்.

"இவர் சாப்பிடட்டும். எல்லாக் குப்பியும். காமாலை வந்தா மருந்து உயிரோட இருக்கு. வரலேன்னா செத்துப்போச்சு."

"ஐயா, வேணாங்க."

"சான்றிதழ் வேணுமா, வேணாமா?"

உத்தரவு என்றால் வாயைத் திறப்பதுதான் அவருக்குத் தெரிந்த வாழ்க்கை. திறந்தார். காயத்ரி ஒவ்வொரு குப்பியாகக் கவிழ்த்தாள். ராஜாங்கத்தின் மஞ்சள் கண்கள் அவருக்கு முன்னால் வந்து நின்றன. கத்தச் சொன்னாளே விருத்தா என்று நினைத்தார், வாய் நிறைய உருண்டை. கண்ணீர் வழிய வழிய மென்று விழுங்கினார். டாக்டர் டார்ச் அடித்து அவர் கண்ணைப் பார்த்தார். இணை இயக்குநர் நகத்தைப் பார்த்தார். நேரம் போய்க்கொண்டே இருந்தது. சுப்பராயலுவுக்குத் தாகம் எடுத்ததைத் தவிர வேறு எதுவும் வரவில்லை.

"வரலியே ராமாமிர்தம்."

"வரல சார்."

"மருந்து செத்துப்போச்சுன்னு எழுதுனா மையத்தை மூடணும். மையத்தை மூடுனா ஆய்வு கெடையாது. ஆய்வு இல்லேன்னா எனக்குக் கார் கெடையாது. அதனால யோசிச்சுச் சொல்லு. வந்துச்சா, வரலியா?"

டாக்டர் ராமாமிர்தத்தின் முகத்தில் மெல்ல ஒரு தெளிவு பரவியது. "வந்துச்சு சார். வந்ததும் போயிடுச்சு. உண்டாக்குறதும் அதே மருந்து, தீக்குறதும் அதே மருந்துதானே? ரெண்டும் ஒரே நேரத்துல நடந்துபோச்சு. அதான் வெளிய தெரியல."

இணை இயக்குநர் எழுந்து வந்து அவரைக் கட்டிக்கொண்டார்.

அப்போதே சான்றிதழ் தயாரானது. 'கீழாநெல்லி மருந்தானது திரு. சுப்பராயலு அவர்களுக்குக் காமாலையை உண்டாக்கியும் அக்கணமே அதை முற்றிலும் தீர்த்தும் உள்ளதால், மேற்படி மருந்து உயிரோடு இருக்கிறது என்று சான்றளிக்கப்படுகிறது.' முத்திரை, கையெழுத்து எல்லாம் இருந்தது. 'உயிரோடு இருக்கிறது' என்ற இடத்தை மட்டும் படித்துவிட்டுச் சுப்பராயலு அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"இது பென்ஷனுக்குப் போதும்ங்களா?"

"பென்ஷனா?" காயத்ரி விழித்தாள். "அது கீழ சார். பின்பக்கம் கவுண்ட்டர்."

அவர் விழுந்தடித்துப் படியிறங்கினார். இப்படி ஒரு சாதனையாளரைத் தனியாக அனுப்ப மனமில்லாமல் டாக்டர் ராமாமிர்தமும் பின்னாலேயே இறங்கினார்.

பின்பக்கக் கவுண்ட்டரில் இருந்த அம்மாளின் பெயர் தமிழ்ச்செல்வி என்று பலகையில் எழுதியிருந்தது. அழுது துடைத்த முகமாக இருந்தது. பேப்பரை வாங்கிப் படித்தாள்.

"ஐயா, இதுல மருந்து உயிரோட இருக்குன்னு இருக்கு."

"அப்ப நானுங்க?"

"உங்களுக்கு எதுக்குங்க பேப்பரு? நீங்கதான் வந்துட்டீங்களே." பென்ஷன் புத்தகத்தைப் புரட்டினாள். போட்டோவைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள். "அவ்வளவுதான். ஒரு நிமிஷம்." சீலை எடுத்து மையில் ஒற்றினாள்.

அவ்வளவுதானா? சுப்பராயலுவுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. சீல் புத்தகத்துக்கு மேலே வந்துவிட்டது. அங்கேயே நின்றது. தமிழ்ச்செல்வியின் கண் மறுபடி அந்தச் சான்றிதழுக்குப் போயிருந்தது.

"காமாலைய முற்றிலும் தீத்துச்சா? மெய்யாவா?"

"அரசாங்க முத்திரையே போட்டிருக்கேம்மா," என்றார் பின்னாலிருந்த டாக்டர்.

"எம் பொண்ணுக்கு நாலஞ்சு நாளா கண்ணு மஞ்சளா இருக்குங்க. சோறு எறங்கல, வாந்தி வேற. ஆஸ்பத்திரிக்குப் போவலாம்னா வூட்டுல எல்லாரும் பச்சிலை குடுத்தாப் போதும்ங்கிறாங்க. இன்னிக்கு எப்படியாவது தூக்கிட்டுப் போயிடணும்னு நெனைச்சேன்." அவள் சுப்பராயலுவையே பார்த்தாள். "நீங்க அனுபவப்பட்டவுங்க. நீங்களே சொல்லுங்க. மாடிக்கு அழைச்சிட்டுப் போனாப் போதும்ங்களா?"

"தாராளமா அழைச்சிட்டு வாங்க," என்றார் டாக்டர்.

சீல் இன்னும் அந்தரத்தில்தான் இருந்தது. ஆமாம் என்று ஒரு சொல் சொன்னால் அது இறங்கிவிடும். இல்லை என்றால், பொய்ச் சான்றிதழோடு வந்தவர் ஆகிவிடுவார். முத்திரை போட்ட கடுதாசிக்கு எதிராக வாயைத் திறந்ததே இல்லை அவர். அவ்வளவு பயத்திலும் காதுக்குள் அந்தப் பழைய கேள்வி கேட்டது. அதை வெளியே விட்டுவிட்டார்.

"ஏன் இவ்ளோ நாளு?"

"என்னங்க?"

"ஏன் இவ்ளோ நாளுன்னு கேக்குறேன்! எனக்குக் காமாலையும் வரல, ஒரு மண்ணும் வரல. இதுல இருக்குறது பொய்யி. எந்தம்பிய இப்படித்தான் வச்சிருந்து கொன்னோம். புள்ளையத் தூக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடும்மா! அந்த உருண்டையில ஒண்ணுமே இல்ல!"

டாக்டர் ராமாமிர்தம் கோபப்படவே இல்லை. பெருமையோடு முன்னால் வந்து, "அதையேதான் நானும் சொல்றேன்! ஒண்ணுமே இல்ல! முழு வீரியம்!" என்றார்.

தமிழ்ச்செல்வி அவரைப் பார்த்தாள். சுப்பராயலுவைப் பார்த்தாள். சீல் கையிலிருந்து நழுவி மைப்பெட்டியிலேயே விழுந்தது. போனைக் காதில் வைத்துக்கொண்டு, "அம்மா, பாப்பாவத் தூக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு வந்துடு. இப்பவே. நான் நேரா வந்துடுறேன்," என்றபடி பையை எடுத்துக்கொண்டு பின்வாசல் வழியாக ஓடினாள். யாரோ ஒருவர் வந்து, "டயம் முடிஞ்சுது," என்று கவுண்ட்டர் கதவை இழுத்துச் சாத்தினார். பென்ஷன் புத்தகத்தை மட்டும் சந்து வழியாக வெளியே தள்ளினார். சீல் விழ வேண்டிய கட்டம் வெள்ளையாகவே இருந்தது.

சைக்கிள் ஸ்டாண்டில் விருத்தாம்பாள் எழுந்து வந்தாள். "கத்துன மாதிரி கேட்டுச்சே. என்னாய்யா ஆச்சு? வாங்கிட்டியா?"

"இல்ல."

"இன்னியோட கெடுவு முடியுதே! அப்ப?"

"அப்ப நான் இல்ல." வேட்டியைத் தட்டிக் கட்டிக்கொண்டார். "மேல என்னா ஆவுமோ, பயமாத்தான் இருக்கு. நீ வா, மொதல்ல காபி குடிக்கலாம்."

எதிர்க்கடையில் காபி மாஸ்டர் டம்ளரைக் கழுவிக்கொண்டே, "எப்படிப் போடட்டும் பெரியவரே?" என்று கேட்டார்.

"டிகாக்ஷன் தூக்கலா போடு," என்றார் சுப்பராயலு. "தண்ணி ஒரு சொட்டுகூட ஊத்தாத."